செங்கமலத்தோட திருஷ்டிப் பானை

கால ஒழுங்கா நீட்டு. தலகாணி தலைக்கு வைக்கத்தான், ஒதைக்க இல்ல. இந்தப் பெரியம்மா ஒரு தடவதான் சொல்லுவேன். நடுவுல "ம்" மட்டும் சொல்லு, கேள்வி கேட்ட, எந்திரிச்சுப் போயிடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு கூரை வீடு, அந்தக் கூரை மேல ஒரு பூசணிக் கொடி, அந்தக் கொடிக்குக் கீழ எப்பப் பாத்தாலும் எரிஞ்சு விழுந்துகிட்டு ஒரு பொம்பள. பேரு செங்கமலம். எங்க, ம்?

"ம்."

எரிஞ்சு விழாம என்ன பண்ணுவா சொல்லு. வருஷா வருஷம் அந்தக் கொடி மஞ்சமஞ்சேர்னு பூக்கும், பிஞ்சு வைக்கும். உடனே தெருவுல போறவங்க நிப்பாங்க. "அடேயப்பா, அங்க பாரு பிஞ்சு!"ன்னு விரல நீட்டிக் காட்டுவாங்க. பூசணிப் பிஞ்ச விரல் நீட்டிக் காட்டினா அழுகிடும்னு யாருக்குத் தெரியாது? தெரிஞ்சுகிட்டேதான் காட்டுவாங்க! அப்புறம் ரெண்டே நாள்ல பிஞ்சு வெம்பி, பொத்துனு வாசல்ல விழும். ஒரே ஒரு பொங்கலுக்காவது தன் கூரையில காய்ச்ச பூசணிய வெட்டிக் கொழம்பு வைக்கணும்னு செங்கமலத்துக்கு ஆசை. ஒரு வருஷம்கூட நடக்கல. எதிர்வீட்டுக் காத்தாயிகிட்டதான் போய் நிப்பா. காத்தாயியும் ஒரு பத்தை குடுப்பா, குடுத்துட்டு ஊர் பூரா சொல்லுவா.

"காத்தாயி வீட்டுப் பூசணி மட்டும் ஏன் அழுகல?"

கேக்காதன்னு சொன்னேனா இல்லியா? காத்தாயி கூரையில திருஷ்டிப் பானை இருந்துச்சு. கரிச்சட்டியக் கவுத்து வச்சு, சுண்ணாம்புல முட்டக் கண்ணு, கோரப் பல்லு, தொங்குற நாக்கு. பாத்தாலே பகீர்னு இருக்கும். நீட்டின விரல் தானா மடங்கிடும்.

செங்கமலமும் ஒண்ணு வைக்க வேண்டியதுதானேன்னு கேக்கப் போற, அதானே? அந்த ஊர்ல ஒரு வழக்கம். திருஷ்டிப் பானைய அந்தந்த வீட்டுப் பொம்பளதான் வரையணும். வேற கை வரைஞ்சா வேற வீட்டத்தான் காக்கும். இவளுக்கோ வரையறதுன்னாலே ஒதறல். புதுப்பொண்ணா வந்தப்ப வாசல் நெறைய ஒரு கோலம் போட்டா பாவம். காத்தாயி இடுப்புல கை வச்சு நின்னு, "ஏன்டி, கோழி வந்து கெளறிடுச்சா?"ன்னு கேட்டா. தெருவே சிரிச்சுது. அன்னைக்குச் சுருங்கினவதான். அப்புறம் அவ வாசல்ல நாலு புள்ளி, ரெண்டு கோடு, அவ்ளோதான். மார்கழியில தன் கொடியில பூத்த பூவெல்லாம் பறிச்சு, காத்தாயி கோலத்துக்குக் குடுத்துட்டு வருவா. எனக்கே அவ மேல கோவம் கோவமா வருது.

"ம்."

அந்த வருஷம் கொடி மூணே மூணு பிஞ்சு வச்சுது. அப்போ அவ புருஷன் சடையன் சொன்னான், "நீயே ஒண்ணு வரைஞ்சிடேன் புள்ள. சட்டிதானே, என்ன பெரிய விஷயம்?"

"சொல்லிட்டுப் போயிடுவ. வரையறவளுக்குத்தானே தெரியும்!"

கத்தினாளே தவிர, வரைய உக்காந்துட்டா. ஓட்டச் சட்டி ஒண்ண எடுத்தா, சுண்ணாம்பக் கொழச்சா, வேப்பங்குச்சிய நறநறன்னு மென்னு நுனியத் தும்பாக்கினா. வாயெல்லாம் கசப்பு. பல்லக் கடிச்சுகிட்டு ஒரு கண்ணு போட்டா, அது இட்லி அளவு. இன்னொரு கண்ணு போட்டா, அது கடுகு அளவு. வாய் கோணிகிட்டுப் போச்சு.

சடையன் குனிஞ்சு பாத்தான். "ஏன் புள்ள, இதுக்கு வயித்து வலியா?"

அவ்ளோதான். சளப் சளப்புன்னு தண்ணி ஊத்திக் கழுவிட்டா. அவ கழுவிகிட்டு இருக்கா, அந்தப் பக்கமாப் போன காத்தாயி, "ஐயோ, எம்மாம் பெரிய பிஞ்சு!"ன்னு விரல நீட்டினா. ரெண்டு நாள்ல பொத்து. ஒரு பிஞ்சு போச்சு.

"ம்..."

அப்புறம் மறுபடி உக்காந்தா. இந்தத் தடவ கண்ணு ரெண்டும் ஒரே அளவு வந்துச்சு. ஆனா கோரப் பல்லு கீழ எறங்காம மேல ஏறி, முறுக்கு மீசையாட்டம் நின்னுச்சு. வேலி மேல எட்டிப் பாத்தா காத்தாயி. "யாருடி இது? உங்க மாமனாரா?"

சளப் சளப்! அதையும் கழுவிட்டா. நம்ம ஆளுக்கு வேற என்ன தெரியும்? அவ சொன்னா என்னடி, மாமனாராவே இருந்துட்டுப் போகட்டும், கூரையில ஏத்துன்னு சொல்ல அங்க யாரும் இல்ல. அதுக்குள்ள தெருவுல போன யாரோ பிஞ்சக் காட்டி விரல நீட்டிட்டாங்க. ரெண்டு நாள்ல இன்னொரு பொத்து. ரெண்டு பிஞ்சும் போச்சு.

தூங்கிட்டியா?

"இல்ல. மூணாவது?"

மூணாவதுதான் இருந்துச்சு, கூரை ஓரமா, எலுமிச்சம்பழம் கணக்கா. செங்கமலத்துக்குச் சோறு எறங்கல. அது போயிட்டா இந்த வருஷமும் காத்தாயி வாசல்தான். சரி, காத்தாயி பானையவே பாத்து அப்படியே வரைவோம்னு வேலிகிட்டச் சட்டிய வச்சுகிட்டு உக்காந்தா. எட்டிப் பாப்பா, ஒரு கோடு போடுவா. எட்டிப் பாப்பா, ஒரு கோடு போடுவா. மூக்குகிட்ட வரும்போது, சர்ருனு குச்சி வழுக்கிடுச்சு. முந்தானையால தொடச்சா. மூஞ்சி பூராவும் சுண்ணாம்பு. சட்டிக்கும் அவளுக்கும்!

சடையன் வாயத் தொறந்தான். "ஒரு வார்த்த பேசின, சட்டிய உன் தலையில கவுத்துடுவேன்"ன்னா. மூடிகிட்டான்.

அப்போ அவளுக்கு வந்துச்சு பாரு ஒரு வெறி. "போ, இனிமே கெடறதுக்கு இதுல என்ன இருக்கு!"ன்னு குச்சியத் தூக்கிப் போட்டுட்டு விரலாலயே சுண்ணாம்ப அள்ளினா. இட்லிக் கண்ணா? இந்தா. கடுகுக் கண்ணா? இந்தா. மீசை வேணுமா? வச்சுக்கோ. மீசைக்கு மேல ஒரு மூக்குத்தி. ரெண்டு கன்னத்துலயும் செம்மண்ணு. பல்லு கோணலா ஒண்ணு, நெட்டையா ஒண்ணு, ஓட்டையா ஒண்ணு. நாக்கு நடுவுல எடம் இல்லாம காதுப் பக்கம் போச்சு, போகட்டும்! அப்புறம் பாத்தா, பல்லக் கடிக்கறத நிறுத்திட்டா. வாய் ஏதோ பாட்டு முணுமுணுக்குது. மனசு லேசா, சந்தோஷமா இருந்துச்சு அவளுக்கு. எத்தன வருஷம் கழிச்சு! வேணாம் வேணாம்னு அவளே தடுத்து வச்சிருந்த சந்தோஷம்.

அதே சூட்டுல ஏணி போட்டு ஏறி, கூரை உச்சியில கழி நட்டுக் கவுத்துட்டா.

"ம்."

விடிஞ்சுது. காத்தாயி வந்தா, அண்ணாந்து பாத்தா, பிஞ்சப் பாத்து விரல நீட்டினா. நீட்டின விரல் பாதியில நின்னுச்சு. அப்படியே மேல போச்சு. "ஐயோ! ஐயய்யோ! என்னடி இது!" வயித்தப் புடிச்சுகிட்டுக் கெக்கெக்கேன்னு சிரிச்சா. தெரு கூடிடுச்சு. எல்லார் விரலும் பானை மேல. "மீசையப் பாரு!" "மூக்குத்தியப் பாரு!" ஒரே கூத்து.

செங்கமலத்துக்குப் பத்திகிட்டு வந்துச்சு. மறுபடியுமா! கொடத்துல தண்ணிய மொண்டா, ஏணிய வச்சா, தடதடன்னு ஏறினா. கழுவிடப் போறா, மடச்சி!

"கழுவிட்டாளா?"

இரு, சொல்றேன்ல. மேல ஏறி நின்னா. பானை அவளப் பாத்துச்சு, இவ பானையப் பாத்தா. இட்லிக் கண்ணு, கடுகுக் கண்ணு, காதுப் பக்கம் நாக்கு. களுக்குனு இவளுக்கும் சிரிப்பு வந்துடுச்சு. அடக்க அடக்கப் பொத்துகிட்டு வருது. கீழ பாத்தா, பிஞ்சு பச்சப்பசேல்னு ஜம்முனு இருக்கு. ஒருத்தர் விரல்கூட அது மேல இல்ல. அப்பத்தான் அவளுக்கு ஒறச்சுது.

காத்தாயி கீழேர்ந்து, "கழுவிடுடி, மானம் போகுது!"ன்னா.

"போகட்டும்க்கா. என் கை, என் பானை. அங்கயே காட்டு, நல்லா காட்டு"ன்னா செங்கமலம். எறங்கி வந்து, கொடத்துத் தண்ணிய மளமளன்னு கொடி வேர்ல ஊத்திட்டா.

அப்புறம் என்ன? மார்கழி பொறந்துச்சு. அவ வாசல் நெறைய கோலம் போட்டா. கோணக் கோலந்தான். நடுவுல தன் கொடிப் பூவத் தானே வச்சா. பொங்கலுக்குப் பூசணி ரெண்டு கையாலயும் தூக்க முடியாத அளவு. கொழம்பு வச்சு, முதல் கிண்ணம் காத்தாயிக்குத்தான் அனுப்பினா. ஊர் பூரா சொல்லவும் சொன்னா!

பூசணியும் வெந்துச்சு, கதையும் எறங்கிடுச்சு. கண்ண மூடு.

"பெரியம்மா, அந்தப் பானைக்கு மொத்தம் எத்தன பல்லு?"

கடவுளே! வரைஞ்சவளே எண்ணல. நீ வேணா கண்ண மூடிகிட்டு உன் இஷ்டத்துக்கு ஒவ்வொண்ணா போட்டுப் பாரு. கோணலாப் போனாப் பரவால்ல. தூங்கு.