பிழைக்கு ஒரு பிரம்படி

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில், மழைக்குப் பஞ்சம் வந்தாலும் அரசரின் விசித்திர எண்ணங்களுக்குப் பஞ்சமே வந்ததில்லை. ஒருநாள் விருந்தில் பாயசத்தைக் குடித்துக்கொண்டிருந்தவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "மனிதர்கள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள்?" என்று கேட்டார்.

ஆளுக்கொரு பதில் வந்தது. காதால் என்றார் ஒருவர். முற்பிறவிப் பயன் என்றார் இன்னொருவர். கடைசியாகத் தலைமைப் பண்டிதர் வாமதேவர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"அரசே, பயமே கல்விக்குத் தாய். அடியாத மாடு படியாது. பிழை செய்தால் வலிக்கும் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால், பிழை தானாக ஓடிப்போகும். ஒரு பிழைக்கு ஒரு பிரம்படி. கல்வியின் சூத்திரம் இவ்வளவுதான்."

நினைவில் வைத்துக்கொள்ளச் சுலபமாக இருந்ததால் அரசருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. அன்று மாலையே பள்ளிக்கூடங்கள்தோறும் பறை அறைந்து சொல்லிவிட்டார்கள்.

அந்த அரசவையின் விகடகவி மருதையன். அரசரைச் சிரிக்கவைப்பதுதான் அவன் பிழைப்பு. சில நாள் கழித்து அவன் வீடு திரும்பியபோது, ஏழு வயது மகள் செங்கமலம் சோற்றுத் தட்டின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா சாப்பிடல?"

"பிசைய முடியலப்பா."

உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். அப்பம்போல் வீங்கியிருந்தது.

"வாழைப்பழத்த வாளைப்பழம்னு படிச்சுட்டேன். வாத்தியாரு திரும்பச் சொல்லச் சொன்னாரு. பயத்துல மறுபடியும் அப்படியே வந்துடுச்சு."

"இப்போ சரியாச் சொல்லு பாப்போம்."

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையாட்டினாள். "மாட்டேன். தப்பா வந்துட்டா? பள்ளிக்கூடத்துல நாங்க யாருமே இப்போ வாயத் திறக்கிறதில்ல."

வாளைமீனைப் பழமாக்கியதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்திருக்க வேண்டிய பிள்ளை அவள். மகளுக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டு, நேராக அரசவைக்குப் போனான்.

அன்று அவன் விகடம் பேசவில்லை. "அரசே, ஓர் எழுத்துப் பிழைக்கு என் மகளின் கை வீங்கிக் கிடக்கிறது. பிரம்பு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரவில்லை. ஊமையாக இருக்கச் சொல்லித் தருகிறது" என்றான்.

வாமதேவருக்கு அவன்மீது நெடுநாள் பொறாமை. தாம் வாயைத் திறந்தால் கொட்டாவி விடும் அரசர், இவன் வாயைத் திறக்குமுன்பே சிரிக்கிறாரே! இதுதான் சமயம் என்று அவர் முந்திக்கொண்டார்.

"பாசம் இவன் கண்ணை மறைக்கிறது, அரசே. இவனையே பிரம்பு அதிகாரியாக நியமியுங்கள். நாட்டில் எவர் எதைக் கற்றாலும், வயதும் குலமும் பாராமல், பிழை கண்ட இடத்தில் இவன் அடிக்க வேண்டும். ஒருவரை விட்டுவைத்தாலும் இவனுக்குக் கசையடி. முதலில் தன் மகளிடமிருந்தே தொடங்கட்டும்."

சபையில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அரசரோ, "நல்ல வேடிக்கையாக இருக்கும்போலிருக்கிறதே! அப்படியே ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார்.

மருதையனின் கையில் பிரம்பைத் திணித்தார்கள். அதை அங்கேயே முறித்து வாமதேவரின் காலடியில் எறிந்துவிடலாமா என்று அவன் கை துடித்தது. அடக்கிக்கொண்டு கேட்டான்: "எவராயிருந்தாலுமா, அரசே?"

"எவராயிருந்தாலும்."

"வயது பார்க்க வேண்டாமா?"

"பார்க்கவே வேண்டாம்" என்று வாமதேவரே பதில் சொன்னார்.

மருதையன் வீட்டுக்குப் போகவில்லை. பிரம்பும் கையுமாக ஒரு தூணோரம் நின்றான். வழக்கம்போல அந்தி சாயும் நேரத்தில் செவிலித்தாய் குட்டி இளவரசனைக் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். அப்போதுதான் நடை பழகும் பிள்ளை. கொலுசு குலுங்க இரண்டடி வைத்தது. மூன்றாவது அடியில் தொப்பென்று உட்கார்ந்தது. சபையே கைதட்டியது. "ஆகா, என் ராஜா!" என்று அரசர் பூரித்துப்போனார்.

மருதையன் பிரம்பை ஓங்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

அரசரின் கை வாளுக்குப் போயிற்று. "மருதையா! உனக்குப் பித்துப் பிடித்துவிட்டதா?"

"இளவரசர் நடை கற்கிறார், அரசே. பிழை செய்தார். நான் அடிக்காவிட்டால் எனக்குக் கசையடி." அவன் குரலில் துளி விகடமும் இல்லை. "நான் இந்த வேலைக்குப் புதியவன். சூத்திரம் தந்த பண்டிதரே முதல் அடியை அடித்துக் காட்டட்டும்." சொல்லிக்கொண்டே பிரம்பை வாமதேவரிடம் நீட்டினான்.

பண்டிதர் இரண்டடி பின்வாங்கினார். "இது... இது பச்சிளம் குழந்தை. விழுந்து விழுந்துதானே நடை வரும்? இதற்குப் போய் அடிப்பார்களா?"

"அடித்தால் என்ன ஆகும், சுவாமி?"

"பயந்து எழுந்திருக்கவே எழுந்திருக்காது!"

"என் மகளும் விழத்தான் செய்தாள், சுவாமி, ஓர் எழுத்தில். எழுந்திருக்க விட்டீர்களா?" மருதையனின் குரல் தூணில் மோதித் திரும்பியது. "அரசன் பிள்ளை விழுந்தால் கைதட்டல், ஊரார் பிள்ளை விழுந்தால் பிரம்படியா? உங்கள் உள்ளங்கை வீங்கியிருந்தால் இந்தச் சூத்திரம் உங்கள் வாயில் வந்திருக்குமா?"

அதற்குள் குட்டி இளவரசன் தரையில் கையூன்றி எழுந்து, தள்ளாடி, இன்னொரு முறை விழுந்து எழுந்து, அரசரின் முழங்காலைக் கட்டிக்கொண்டான். அரசர் பிள்ளையை வாரி எடுத்தார். அந்தச் சின்ன உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

"பறை அறையுங்கள்" என்றார் கடைசியில். "இனி எந்தப் பள்ளிக்கூடத்திலும் பிரம்பு இருக்கக் கூடாது." பிறகு கோபமாகத் திரும்பினார். "வாமதேவரே, பெரும்பிழை செய்தவர் நீர்தான். உமது சூத்திரப்படியே உமக்கு நூறு பிரம்படி!"

நேற்றுவரை வாமதேவருக்குத் தலையாட்டியவர்கள் எல்லாம், "சரியான தீர்ப்பு!" என்று குதித்தார்கள்.

"வேண்டாம், அரசே" என்றான் மருதையன்.

"ஏன்? உன் மகளை அடிக்கவைத்தவர் மீது உனக்கு இரக்கமா?"

"இரக்கமெல்லாம் இல்லை. அடி வாங்கி இவர் திருந்திவிட்டால், இவர் சொன்னது சரி என்றாகிவிடுமே!"

அரசர் ஒரு கணம் திகைத்தார். பிறகு மடியிலிருந்த பிள்ளை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மருதையனுக்குப் போட்டார். பண்டிதர் அடிபடாமல் தப்பினார். ஆனால் அன்றிலிருந்து அவர் 'சூத்திரம்' என்று வாயெடுத்தாலே, அரசவைக் காவலர்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.