இருவாச்சி கொத்திய கட்டு

ஒரு காட்டில் பற்றிய நெருப்பு அணைந்து நான்கு நாள் ஆகியிருந்தது. காட்டின் எல்லையில் வனத்துறையார் கொட்டகை போட்டு, தீயிலிருந்து மீட்ட உயிர்களுக்குச் சிகிச்சை அளித்து வந்தார்கள். அங்கே ஒரு கூண்டில் ஆண் இருவாச்சி ஒன்று இருந்தது. எரிந்து விழுந்த கிளை அடித்து அதன் வலச் சிறகின் மூட்டு பிசகியிருந்தது. மருத்துவர் செந்தாமரை அந்தச் சிறகை உடலோடு சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்.

குழந்தைகளே, இருவாச்சிகளின் வழக்கம் ஒன்றை நீங்கள் அறிய வேண்டும். முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாயிலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நீட்டும் அளவுக்கு ஒரு கீற்று மட்டுமே விட்டிருக்கும். உள்ளே அதன் இறகுகள் உதிர்ந்து புதிதாக முளைக்கும். அதுவரை ஆண் பறவைதான் கனி கொண்டுவந்து அந்தக் கீற்றின் வழியே ஊட்ட வேண்டும்.

இந்த இருவாச்சியின் துணையும் ஓடைக்கு அக்கரையில், நெருப்பு எட்டாத ஒரு மரத்தின் பொந்தில் அடைந்திருந்தது. கடைசியாக ஊட்டிய கனிகள் இன்றோடு தீர்ந்துவிடும்.

கூண்டின் கம்பிகளுக்கு இடையே அந்த மரம் நின்ற மலை தெரிந்தது. கூண்டில் பப்பாளித் துண்டுகள் வைத்தார்கள். இருவாச்சி ஒன்றை அலகில் எடுக்கும், விழுங்காது, மலையைப் பார்த்தபடியே நிற்கும். ஊட்ட ஆளில்லாத கனி அதற்கு இனிக்கவில்லை.

"இன்னும் மூன்று நாள் பொறு. கட்டை நானே அவிழ்ப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் மருத்துவர்.

"மூன்று நாளா! அவள் பட்டினி கிடப்பாளே!" என்று இருவாச்சி புலம்பியது.

பக்கத்துக் கூண்டில் இருந்த மலையணில் எட்டிப் பார்த்தது. அதன் பாதங்களில் பட்ட சூடு ஆறியிருந்தது.

"ஓய் பெரிய அலகரே, இன்று என்னை வண்டியில் ஏற்றி அக்கரைக் காட்டில் விடப்போகிறார்கள். உம் வீட்டுக்கு நாலு அத்திப்பழம் கொண்டுபோய்க் கொடுக்கட்டுமா?"

"நீயா? பாலுக்குப் பூனை காவலா? நீ தின்றது போக அவளுக்குக் காம்புதான் மிஞ்சும்!"

"சரி, உம் பாடு. ஆனால் ஒன்று கவனித்தீரா? நேற்று வண்டி ஏறிய கீரிக்குக் கட்டு இல்லை. முந்தாநாள் போன மயிலுக்கும் இல்லை. எனக்கு இன்று காலைதான் அவிழ்த்தார்கள். கட்டோடு வண்டி ஏறியவர் ஒருவரும் கிடையாது!"

அணில் வாய் சும்மா இராமல் சொன்னது. இருவாச்சியோ அதையே பற்றிக்கொண்டது.

'அப்படியானால் என்னைப் பிடித்து வைத்திருப்பது இந்தத் துணிதான்! அடைத்த சுவரை அலகால் கொத்தி வெளியேறுவது எங்கள் குல வழக்கம். இதுவும் ஒரு சுவர்தானே!'

கொத்தியது, இழுத்தது, கிழித்தது. வண்டி வந்து நின்றபோது கூண்டுக்குள் துணி கந்தலாகக் கிடந்தது.

வனக்காவலர் தண்ணீர் வைக்கக் கதவைத் திறந்தார். இருவாச்சி வெளியே பாய்ந்தது. "எனக்கும் கட்டில்லை! என்னையும் ஏற்றுங்கள்!" என்று கத்திக்கொண்டு சிறகை விரித்தது. இடச் சிறகு விரிந்தது. வலச் சிறகு மடங்கித் தொங்கியது. இருவாச்சி வண்டிச் சக்கரத்தின் அருகே, புழுதியில் போய் விழுந்தது.

மருத்துவர் ஓடிவந்து அதை வாரி எடுத்தார். "அட பைத்தியமே, மூட்டு மறுபடியும் பிசகிவிட்டதே! மூன்று நாளில் போயிருப்பாய். இனிப் பதினைந்து நாள்."

புதுக் கட்டோடு இருவாச்சி கூண்டுக்குத் திரும்பியது. கருகிய ஓட்டில் மருந்து பூசிக்கொண்டு கொட்டகை மூலையில் கிடந்த ஆமை தலையை நீட்டியது.

"ஒன்று கேட்கிறேன். உன் துணைக்கு இறகு முளைக்கும் முன்னே நீ அந்தச் சுவரை உடைப்பாயா?"

"உடைப்பேனா? அவள் பறக்க முடியாமல் கீழே விழுந்து..."

இருவாச்சி குனிந்து தன் புதுக் கட்டைப் பார்த்தது.

வண்டி உறுமியது. இருவாச்சி கம்பியோடு ஒட்டி நின்று கூவியது. "அணிலாரே! நான் வரும்வரை அவளுக்குக் கனி கொடும். ஓடையைத் தாண்டினால் பிளந்த பாறை. அதற்கு மேலே வெண்தேக்கு மரம். கீற்றின் அருகே மூன்று முறை தட்டும். அப்போதுதான் அலகை நீட்டுவாள்!"

"தட்டுகிறேன். வழியில் ஒன்றிரண்டு பழம் என் வயிற்றில் தவறி விழுந்தால் கோபிக்கக் கூடாது!"

"விழட்டும். மூன்று முறை, மறந்துவிடாதீர்!"

பதினைந்து நாளும் இருவாச்சி மலையைப் பார்த்தே இருந்தது. மலைமேல் மழை இறங்கியது. கரிந்த சரிவில் புல் தலைகாட்டியது. கட்டு அரிக்கும்போதெல்லாம் அலகு அதனிடம் போகும், தொடாமல் திரும்பிவிடும்.

பதினாறாம் நாள் காலை மருத்துவர் கத்தரியால் துணியை வெட்டினார். இருவாச்சி சிறகை ஒருமுறை விரித்துப் பார்த்தது. பிறகு பறந்தது. ஓடை கடந்தது, பாறை கடந்தது, வழியில் ஓர் அத்திக் கனி பறித்துக்கொண்டது.

வெண்தேக்கின் அடியில் அத்திக் காம்புகள் சிதறிக் கிடந்தன. சுவர் அப்படியே இருந்தது. இருவாச்சி மூன்று முறை தட்டியது.

 பிறகு கீற்றின் வழியே அலகு ஒன்று வெளியே வந்தது. அது கனியை உடனே வாங்கவில்லை. முதலில் இருவாச்சியின் அலகோடு மெல்ல உரசிப் பார்த்தது.

நீதி: காயம் ஆறினால் கட்டு அவிழும், கட்டை அவிழ்ப்பதால் காயம் ஆறாது.