குக்கர் அடங்கும் வரை

"பேச மாட்டேங்கறாம்மா. அவ வாயைத் திறக்க வைக்க ஒரு வழி சொல்லுங்க."

பொன்னுரங்கம் இதைச் சொன்னபோது தவமணி அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

பொன்னுரங்கம் ரிட்டையரான பஸ் கண்டக்டர். தவமணி அம்மா அவரைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். குரு சின்னவர், சீடர் பெரியவர். அதனால் என்ன, ஞானம் சீனியாரிட்டி பார்த்தா வருகிறது? இவர் அவரை அம்மா என்பார், அவர் இவரை ஐயா என்பார். இவருடைய மனைவி இறந்த வருஷத்திலிருந்து இப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

சிறுமலை அடிவாரத்தில் அந்த அம்மாவுக்கு ஒரு ஓட்டு வீடு. ஊர்க்காரர்கள் மடம் என்பார்கள். அவர் வீடு என்றுதான் சொல்வார். பிரசங்கம் கிடையாது, பஜனை கிடையாது, விபூதிப் பொட்டலம்கூடக் கிடையாது. கேள்வியோடு வருகிறவர்களுக்கு ஒரு வேலை கொடுப்பார், அவ்வளவுதான்.

கோபத்தை அடக்க முடியவில்லை என்று ஒரு வக்கீல் வந்தார். அம்மா ஒரு கூடைப் பூண்டைக் கொடுத்து உரிக்கச் சொன்னார். வக்கீல் அப்புறம் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. கோபம் போயிற்றா, வக்கீல் மட்டும் போனாரா, நமக்குத் தெரியாது.

அம்மா கீரைக் காம்பை ஒதுக்கிவிட்டு, நடந்ததைச் சொல்லச் சொன்னார்.

பொன்னுரங்கம் சொன்னார். மகள் வினோதாவுக்குத் தலைப்பிரசவம். முறைப்படி வளைகாப்பு முடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் குழந்தை மூச்சில்லாமல் பிறந்தது. மாப்பிள்ளை வந்தார், அழுதார், லீவு முடிந்து ஓசூருக்குப் போய்விட்டார். தினமும் போன் செய்கிறார். அவள் எடுப்பதில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடக்கிறாள்.

சும்மா இருந்தாரா பொன்னுரங்கம்? அதுதான் இல்லை. காலையில் கதவைத் தட்டி, என்னம்மா நினைக்கிறே என்று கேட்டார். மத்தியானம் தட்டி, மனசில் இருக்கிறதைக் கொட்டிவிடு என்றார். சாயங்காலம் தட்டி, வாய்விட்டு அழுதுவிடு, பாரம் குறையும் என்றார். சொந்தக்காரர்களை வரவழைத்தார். அவர்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, மறந்துவிடு, உனக்கென்ன வயசாகிவிட்டது, அடுத்த வருஷமே இன்னொன்று வந்துவிடும் என்றார்கள்.

பாவம், அவரையும் குற்றம் சொல்ல முடியாது. காலமெல்லாம் விசில் ஊதிப் பிழைத்த மனுஷர். ஒரு விசில் கொடுத்தால் நிற்கும், ரெண்டு விசில் கொடுத்தால் கிளம்பும். ஊதியும் நகராத ஒன்றை அவர் வாழ்க்கையில் பார்த்ததேயில்லை.

நேற்று வினோதா உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

"எனக்கு இருக்கறது அவ ஒருத்திதாம்மா" என்றார் பொன்னுரங்கம். மனைவியைப் பறிகொடுத்தாயிற்று. பேத்தியைக் கையில் வாங்கக்கூட இல்லை. மகளும் இப்படியே தேய்ந்துபோய்விடுவாளோ என்று பயந்தார்.

தவமணி அம்மா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளை பெத்தவளுக்கு என்ன சாப்பாடு குடுக்கறீங்க?"

பொன்னுரங்கம் திகைத்துப்போனார். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் வினோதாவைப் பாவம் என்றார்கள், கொடுத்து வைக்காதவள் என்றார்கள். பெற்றவள் என்று ஒருத்தர் வாயிலும் வரவில்லை. அவர் வாயிலும்தான்.

ஹோட்டல் இட்லி வாங்கித் தருவதாகச் சொன்னார். பாதி அப்படியே திரும்பி வரும். பத்தியச் சாப்பாட்டுக்கு ஏற்பாடெல்லாம் செய்துதான் வைத்திருந்தாராம். பூண்டுக் குழம்பு, கருவாடு, சூப்பு என்று பக்கத்து வீட்டு ரோஸ்லின் டீச்சர்கூட வந்து ஆக்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். குழந்தையே இல்லை என்று ஆனபிறகு பத்தியம் எதற்கு என்று யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

"பிள்ளை இல்லேன்னு மனசுக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியுமா ஐயா? அது பெத்த உடம்பு."

இதுவே அந்த அம்மாவுக்கு நீளமான பேச்சு. அதோடு நிறுத்திக்கொண்டு, நாளைக்கு ஆட்டு நெஞ்செலும்பும் கால் எலும்பும் வாங்கிக்கொண்டு, வீட்டுக் குக்கரையும் எடுத்துவரச் சொன்னார். சூப்பு வைக்கச் சொல்லித் தருகிறாராம்.

பொன்னுரங்கத்துக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வழி கேட்டு வந்தவரை மட்டன் கடைக்கு அனுப்பினால் எப்படி இருக்கும்? ஆனாலும் போனார். வேறே எங்கே போவார்?

மறுநாள் மகளுக்குத் துணையாக ரோஸ்லின் டீச்சரை உட்காரவைத்துவிட்டு, பரண்மேல் கிடந்த குக்கரை இறக்கினார். மனைவியின் குக்கர். கேஸ்கட் காய்ந்து அப்பளமாகியிருந்தது. பாத்திரக்கடையில் புதிது வாங்கிப் போட்டுக்கொண்டு, எலும்புப் பையோடு பஸ் ஏறினார். தூக்கிக்கொண்டு போகும்போது அந்தக் கைப்பிடியில் மனைவி கை பட்ட இடத்தைத் தேடினார். அழுகை வந்தது. கண்டக்டர் டிக்கெட் கேட்டதும் அடக்கிக்கொண்டார்.

மடத்தில் எலும்பா என்று மூக்கைப் பிடிக்கிறவர்கள் பிடித்துக்கொள்ளட்டும். தவமணி அம்மா கீரையையும் எலும்பையும் ஒரே மரியாதையோடுதான் கழுவுவார்.

சொல்லச் சொல்லப் பொன்னுரங்கம் செய்தார். எலும்பை மஞ்சள் போட்டு அலசினார். மிளகு, சீரகம், பூண்டு, இஞ்சி எல்லாவற்றையும் அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டினார். சின்ன வெங்காயம் உரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு தக்காளி, கொஞ்சம் மல்லித்தழை, உப்பு. எலும்பு முங்கத் தண்ணீர். மூடியை இறுக்கி, வெயிட் போட்டு, அடுப்பில் ஏற்றினார்கள்.

எத்தனை விசில் என்று கேட்டார். விசிலைக் கணக்குப் பண்ண வேண்டாம், முதல் விசில் வந்ததும் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, எலும்பின் சாறு இறங்கும்வரை விட்டுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, அம்மா கறிவேப்பிலை பறிக்கக் கொல்லைப்பக்கம் போனார்.

முதல் விசில் வந்தது. சின்னதாக்கினார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

பொன்னுரங்கத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டில் பெண் என்ன செய்கிறாளோ. பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போதோ. இத்தனை விசிலுக்குத் திண்டுக்கல்லே தாண்டியிருக்கலாம். அடுப்பை அணைத்தார். ஒரு கரண்டியை எடுத்தார். வெயிட்டுக்கு அடியில் கொடுத்து, ஒரு நெம்பு நெம்பினார்.

நம்மில் யார்தான் இதைச் செய்யாதவர்?

சூப்பு கூரைக்குப் போயிற்று. சுவரெல்லாம் மஞ்சள் தாரை. வேட்டி, சட்டை, மூக்குக் கண்ணாடி ஒன்றும் பாக்கியில்லை. நல்லவேளை, முகத்தைத் திருப்பிக்கொண்டார், கொப்பளிக்கவில்லை.

தவமணி அம்மா கறிவேப்பிலையோடு வாசற்படியில் நின்று பார்த்தார். ஒரு ஈரத்துணியை நீட்டினார். பொன்னுரங்கம் தலைகுனிந்து சுவரைத் துடைத்தார். துடைத்து முடித்ததும் அம்மா கேட்டார்.

"ஏன் ஐயா தூக்கினீங்க?"

"உள்ள என்ன ஆச்சோன்னு தெரிஞ்சுக்கணும்னு..."

"தெரிஞ்சுதா?"

பொன்னுரங்கம் சுவரைப் பார்த்தார்.

மூடியைத் திறந்தார்கள். அடியில் கொஞ்சம் கலங்கல் தண்ணீர். எலும்பில் கறி விறைப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. தெரு நாய்க்கு ஊற்றினார்கள். அதுவே யோசித்து யோசித்துத்தான் நக்கியது.

"நாளைக்கு உங்க வீட்டுல வைங்க" என்றார் அம்மா. "அடுப்பை அணைச்சதும் பக்கத்துல உக்காருங்க. அதுவா அடங்கணும்."

"உக்காந்து என்ன பண்ணணும்?"

"உக்காருங்க."

மறுநாள் பொன்னுரங்கம் தன் வீட்டுச் சமையலறையில் நின்றார். தாழ்ப்பாள் போட்ட அறை கூடத்துக்கு எதிர்ப்பக்கம்தான். அலசினார், தட்டினார், உரித்தார், ஊற்றினார், மூடினார். விசில் வந்ததும் சின்னதாக்கினார். இந்தத் தடவை எண்ணவில்லை. மிளகு வாசனை வீட்டை நிறைத்து, எலும்பின் மணம் மேலே வரும்வரை விட்டுவிட்டு, பிறகுதான் அணைத்தார்.

குக்கரை இறக்கித் தரையில் வைத்து, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கையில் கரண்டி. பழக்கதோஷம்.

குக்கர் உஸ் என்றது. அவர் கை ஒரு தடவை எழுந்தது. கீழே இறக்கினார்.

மத்தியானம் கதவைத் தட்டுகிற நேரம். பாதி எழுந்தார். குரு பக்கத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறாரே. மறுபடி உட்கார்ந்தார். குக்கர் உஸ் என்றது. கொஞ்சமாகத் தூக்கினால் தப்பா, லேசாக ஒரு ஓரத்தில்? தன் வேட்டியைப் பார்த்தார். எத்தனை துவைத்தும் மஞ்சள் போகவில்லை.

குக்கரைப் பார்த்தார். மகள் அறைக் கதவைப் பார்த்தார். மறுபடி குக்கரைப் பார்த்தார்.

அப்போது அந்த மனுஷர் முகம் போன போக்கைச் சொல்லி மாளாது. ஐயோ என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டார். அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

எவ்வளவு நேரம் போயிற்றோ. தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது.

வினோதா வந்து நிலைப்படியில் நின்றாள். தலை வாரவில்லை. கண் உள்ளே போயிருந்தது. அப்பா தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒரு நிமிஷம் பயந்துவிட்டாள்.

"என்னப்பா, சத்தமே காணோம்?"

தூங்கினாயா, பசிக்கிறதா, மாப்பிள்ளையிடம் பேசினாயா என்று கேள்வியெல்லாம் அவர் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றது. ஒவ்வொன்றாக விழுங்கினார்.

"குக்கர் அடங்கட்டும்னு உக்காந்திருக்கேன்மா."

அவள் உள்ளே வந்தாள். அரிசி டிரம்மில் முதுகைச் சாய்த்து எதிரே உட்கார்ந்தாள். அது தன் அம்மாவின் குக்கர் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கைப்பிடியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். என்ன வைத்திருக்கிறார் என்று கேட்டாள்.

"எலும்பு சூப்பு" என்றார். கொஞ்சம் நிறுத்தினார். சொல்லப் பயமாக இருந்தது, ஆனாலும் சொன்னார். "பிள்ளை பெத்த உடம்புக்கு நல்லதும்மா."

வினோதா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவள் உதடு துடித்தது. அழாதே என்று அவர் சொல்லவில்லை. அழு என்றும் சொல்லவில்லை.

ரெண்டு பேரும் குக்கரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

"திறக்கலையாப்பா?"

"அதுவா அடங்கட்டும்மா. ஒண்ணும் அவசரமில்ல."

அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். வெளியே ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். வெயிட் லேசாகச் சாய்ந்தது. அப்பவும் அவர் தொடவில்லை.

"பாப்பாவுக்குத் தலை நிறைய முடிப்பா" என்றாள் வினோதா. "அம்மாவுக்கு இருந்த மாதிரியே சுருட்டை."

பொன்னுரங்கம் கையிலிருந்த கரண்டியைத் தரையில் வைத்தார்.