யானைத்தோல் பெயிண்ட்

லாரி ஓட்டி இடுப்பு போன பிறகுதான் மாசிலாமணி கார் பெயிண்ட் வேலை கற்க வந்தார். கற்றுக்கொடுத்தவள் பிலோமினா. அவரைவிட இளையவள். இருந்தாலும் பட்டறைக்குள் அவளைக் "குருவே" என்றுதான் கூப்பிடுவார். அவளும் சிரிக்காமல், "சொல்லுங்கண்ணே" என்பாள்.

அன்று அவர் முதன்முதலாகத் தனியாகச் செய்த வேலை முடிந்திருந்தது. ஒரு பழைய காரின் இன்ஜின் மேல்மூடி. காயக் காயச் சுருங்கிக்கொள்ளும் கறுப்பு ஸ்பிரே பெயிண்ட் அடித்திருந்தார். சூட்டடுப்பிலிருந்து வெளியே எடுத்தபோது யானைத்தோல் மாதிரி வரிவரியாக எழும்பி நின்றது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தக் காரில்தான் கார்க்காரரின் மகள் மணப்பெண்ணாக மாதா கோயிலுக்குப் போகப்போகிறாள். வேலை சரியாக வந்தால், இனி இன்ஜின் பெயிண்ட் எல்லாம் மாசிலாமணி பொறுப்பு என்று பிலோமினா சொல்லியிருந்தாள்.

"குருவே, இது எத்தனை வருஷம் தாங்கும்?"

பிலோமினா ஸ்குரூ டிரைவரை எடுத்து, மூடியின் நட்டநடுவில் அழுத்தி ஒரே இழுப்பாக இழுத்தாள்.

"ஐயையோ!"

மாசிலாமணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். பெயிண்ட் பெயரவில்லை. ஒரு வெள்ளைக் கோடு மட்டும் விழுந்திருந்தது. துணியால் துடைத்ததும் அதுவும் போய்விட்டது.

"அப்போ தாங்கும்னு சொல்லுங்க!" போன உயிர் திரும்பி வந்திருந்தது அவருக்கு.

பிலோமினா மூடியின் பின் ஓரத்தைத் தன் பக்கம் திருப்பினாள். அதில் நகத்தை வைத்துக் கிளப்பினாள். பாலாடை மாதிரி பெயிண்ட் உரிந்து வந்தது. விடாமல் இழுத்தாள். உள்ளங்கை அகலத்துக்குக் கையோடு வந்துவிட்டது. அடியில் எண்ணெய் பளபளத்தது.



அந்த நேரம் பார்த்துக் கார்க்காரர் உள்ளே வந்தார். "முடிஞ்சுதாம்மா?"

"இல்ல சார். நாளைக்கு வாங்க."

"கல்யாணமே நாளன்னைக்குத்தான்!"

"தெரியும் சார். நாளைக்கு."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். பிலோமினா மாசிலாமணி பக்கம் திரும்பினாள்.

"பின்னாடி என்ன பண்ணுனீங்க?"

"முன்பக்கமெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன், தின்னர்ல கழுவுனேன். பின்னாடி மட்டும்... சும்மா துணியால துடைச்சு விட்டுட்டேன்."

அவள் உப்புத்தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"மறுபடியும் மொத்தமாவா?" ஒட்டுப்போட்டால் வரி சேராது என்று அவருக்கும் தெரியும். "முன்பக்கம் கல்லு மாதிரி இருக்கு குருவே. பின்பக்கம் இன்ஜினுக்குப் பின்னால இருக்கற தடுப்புத் தகரத்த ஒட்டித்தான் உட்காரும். பானெட்டைத் தூக்கிப் பாத்தாலும் யார் கண்ணுக்கும் படாது."

"யார் கண்ணுக்கும் படாது," என்றாள் பிலோமினா. "இன்ஜின் சூட்டுக்கு எதுக்குண்ணே கண்ணு?"