கஷாயம் குடித்த நீதி

முன்னொரு காலத்தில், யவனக் கப்பல்கள் மிளகு வாங்க வந்துபோன மருதத்துறை என்னும் கடற்கரை நாட்டை நெடுங்கோவேள் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதுதான் அவன் கருத்து. அதனால் அவையில் எல்லாரும் கடைசியாகப் பேசப் போட்டி போட்டார்கள். சபை கலைவதற்குள் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள்.

அந்தப் போட்டியில் எப்போதும் ஜெயிப்பவர் அமைச்சர்களில் ஒருவரான பெரும்பூதர். தலைமை அமைச்சர் முதுமையால் விலகி மூன்று மாதமாகியும் அவருடைய ஆசனம் காலியாகவே கிடந்தது. அதன்மேல் பூதருக்கு ஒரு கண் அல்ல, இரண்டு கண்ணும்.

ஒருநாள் தெரோன் என்ற யவன வணிகர் அவைக்கு வந்தார். பல வருஷம் வந்துபோனதில் தமிழ் நன்றாகப் பேசுவார்.

"உங்கள் ஊரில் என்ன விசேஷம்?" என்றான் அரசன்.

"எங்கள் ஊரில் அரசர் கிடையாது. சந்தையில் நின்று நாங்களே வாதாடிக்கொள்வோம்."

"எதைப் பற்றி? மீன் விலையா?"

"நீதி என்றால் என்ன என்று."

"கண்டுபிடித்தாயிற்றா?"

"மூன்று தலைமுறையாகப் பேசுகிறோம், அரசே. வலியவருக்கு எது நன்மையோ அதுதான் நீதி என்றார் ஒருவர். ஆள்பவர் தமக்கு நல்லதைச் சட்டமாக்குகிறார், மற்றவர் கீழ்ப்படிகிறார், அவ்வளவுதான் என்றார். ஆனால் இன்னொருவர்..."

"இன்னொருவர் எதற்கு?" என்று பூதர் துள்ளி எழுந்தார். "அரசே, இந்த நாட்டில் வலியவர் யார்? தாங்கள்! ஆகவே தங்களுக்கு நன்மையானதே நீதி. இனிமேல் வழக்கே வேண்டாம், சாட்சியே வேண்டாம்!"

அரசனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றே பறையறைந்து சட்டமாக்கினான். மறுநாளே, அரசர் படகில் உலாவ வேண்டுமென்று ஊர்க் குடிநீர்க் குளத்தைச் சுற்றி வேலி போட வைத்தார் பூதர்.

ஊர் மக்கள் உப்பங்கழியோரம் ஊற்றுத் தோண்டிக் கலங்கல் தண்ணீரைக் குடித்தார்கள். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. அரண்மனை வைத்தியம் பார்க்கும் எயினி அவைக்கு ஓடிவந்தாள்.

"அரசே, ஒரே தெருவில் பதினோரு பிள்ளைகள் படுத்துவிட்டார்கள். குளத்தைத் திறந்துவிடுங்கள்."

"பாவம்தான், திறந்து..." என்று அரசன் ஆரம்பிப்பதற்குள் பூதர் முந்திக்கொண்டார். "சட்டம் என்ன, அம்மா? நீங்கள் வலியவரா?"

"நான் எங்கே வலியவள்?"

"அப்படியானால் போய் மருந்து அரையுங்கள்."

எயினி அடக்க முடியாத கோபத்தோடு திரும்பிப் போனாள்.

அதற்கு மூன்றாம் நாள் அரண்மனைக்கு ஒரு பலாப்பழம் வந்தது. இரண்டு பேர் தூக்கிவந்த பழம். பத்துச் சுளை தின்ற அரசன், "இன்னும்" என்றான். சமையற்காரர் தயங்கினார். "கட்டளை!" என்றான். முப்பதாவது சுளையில் வயிறு மத்தளமாயிற்று. அரசன் அவை நடுவே தரையில் உருண்டான். எயினியைக் கூப்பிட்டார்கள்.

அவள் சுக்கும் ஓமமும் தட்டிப்போட்டுக் கஷாயம் காய்ச்சி, ஆற்றி, அரசன் வாயருகே கொண்டுபோனாள். சட்டென்று நின்றாள்.

"சட்டம் ஞாபகம் வந்துவிட்டது, அரசே. இங்கே வலியவர் யார்?"

"நான்தான்! கொடு!"

"எங்கே, எழுந்து நில்லுங்கள் பார்ப்போம்."

அரசன் ஒரு முழம் எழுந்து, "ஐயோ" என்று விழுந்தான்.

"அப்படியானால் நான்தான் வலியவள். எனக்கு நன்மையானதே நீதி." சொல்லிவிட்டு எயினி அந்தக் கஷாயத்தைத் தானே மடக்மடக்கென்று குடித்தாள். "ஆகா, என்ன காரம்!"

அவை வாயைப் பிளந்தது. "பிடியுங்கள் அவளை!" என்று பூதர் கத்தினார்.

"பிடியுங்கள். அடுத்த குவளையைப் பூதர் காய்ச்சுவார்" என்றாள் எயினி.

"வேண்டாம்! அவர் கைபட்டால் செத்தே போவேன்!" என்று அரசன் அலறினான். "எயினி, நீ எனக்குத்தானே வைத்தியர்? உன் வித்தை எனக்காகத்தானே!"

"வித்தை நோயாளிக்காக என்றால், அரசாட்சி யாருக்காக, அரசே? இன்னொன்று. 'இன்னும் பழம்' என்றது உங்கள் கட்டளைதான். அது உங்களுக்கு நன்மையாகவா முடிந்தது? தனக்கு எது நல்லதென்று வலியவருக்கே தெரியாதபோது, அதை எப்படி நீதி என்பது?"

அரசன் வலியோடு தலையைத் திருப்பினான். "பூதரே, சட்டம் சரியா?"

"அது... வந்து... அரசே..."

"உரக்கச் சொல்லும்! வயிறு வெடிக்கிறது!"

"தப்பு! தப்பு! முழுக்கத் தப்பு!" என்று பூதர் கூவியது குதிரை லாயம்வரை கேட்டது.

இரண்டாவது குவளை தயாராகவே இருந்தது. அரசன் குடித்தான். கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய ஏப்பம் வந்தது. அவை முழுக்கச் சிரித்தது. அரசனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அன்று மாலை குளத்து வேலியின் ஒவ்வொரு முளையையும் பூதரே தன் கையால் பிடுங்கினார். கரையில் குடத்தோடு நின்ற பெண்கள், "அதோ, அங்கே ஒன்று விட்டுப்போச்சு ஐயா!" என்று கைநீட்டிக் காட்டினார்கள்.

மறுநாள் அரசன், "எயினி, தலைமை அமைச்சர் ஆசனம் இனி உனக்கு" என்றான்.

"எனக்கு வேண்டாம், அரசே. என் அம்மிக்கல்லே எனக்குப் போதும்."

தெரோன் எழுந்தார். "எங்கள் ஊரில் அந்த இன்னொருவர் இதற்கும் ஒன்று சொன்னார், அம்மா. நல்லவர்கள் பதவிக்கு ஆசைப்படமாட்டார்கள். ஆனால் மறுத்தால் அவர்களுக்குத் தண்டனை உண்டு."

"என்ன தண்டனை? கசையடியா?"

"இல்லை. தங்களைவிட மோசமானவரின் ஆட்சியில் வாழவேண்டும்."

எயினி மெல்லத் திரும்பிப் பார்த்தாள். முளை பிடுங்கிக் கொப்புளித்த கையால் பெரும்பூதர் அந்த ஆசனத்து மெத்தையைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தார்.

எயினி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். மருதத்துறையில் ஒரு பதவியை நோக்கி அவ்வளவு வேகமாக ஓடியவர் அதற்குமுன் யாருமில்லை; அவ்வளவு சலிப்போடு அதில் உட்கார்ந்தவரும் யாருமில்லை.