பாடையிலிருந்து இறங்கும் முறை

“என் வேலை மோசமா டீச்சர்?” என்று கேட்டார் சேர்மராஜ்.

ரெஜினா கறுப்புக் குடையின் கீழ் உட்கார்ந்து, காலையில் எடுத்த ஷாட்டுகளை மடிக்கணினியில் ஒட்டிக்கொண்டிருந்தாள். படப்பிடிப்பு நடக்கும் இடத்திலேயே படத்தைத் தொகுப்பது அவள் வேலை.

வயதில் அவள்தான் சின்னவள். ஆனால், வங்கி உத்தியோகத்தை உதறிவிட்டு நரைத்த மீசையோடு எடிட்டிங் கற்க வந்தவருக்கு வெட்டவும் ஒட்டவும் சொல்லிக்கொடுத்தவள். அதனால் அவருக்கு அவள் டீச்சர். அவளுக்கு அவர் அண்ணே.

சேர்மராஜ் தன் குறையைச் சொன்னார். மூன்று படங்களுக்குச் சும்மா வேலை செய்தாயிற்று. அடுத்த படத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் மூன்று தயாரிப்பாளர்களும் சொன்னார்கள். அடுத்த படம் வந்தது. சம்பளம் வாங்கும் வேறொருவரிடம் போனது.

இப்போது இன்னொரு தயாரிப்பாளர் கூப்பிட்டிருக்கிறார். பெரிய படம். பெயர் பெரிதாக வரும். சம்பளம் மட்டும் கிடையாது. மதியம் அவரே போன் செய்வார். பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த முறையும் சும்மாதான் என்றால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கே போய்விடுவதாக மனைவி சொல்லியிருந்தாள். சண்டை போட்டுச் சொல்லவில்லை. துணி மடித்துக்கொண்டே சொன்னாள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

முடியாது என்று சொன்னாலோ, அப்புறம் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

“செய்யட்டுமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர்.”

அவள் வாயைத் திறக்குமுன் தயாரிப்பு நிர்வாகி வைத்திலிங்கம் வியர்த்து வழிய ஓடி வந்தார். சாவு வீட்டுக் காட்சி. பாடை தயார். அழுகிறவர்கள் தயார். பிணத்தைத்தான் காணோம். எப்போதும் பிணமாகப் படுக்கும் தணிகாசலம் பஸ் கிடைக்காமல் பூந்தமல்லியில் நிற்கிறாராம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

ரெஜினா விரலை நீட்டிச் சேர்மராஜைக் காட்டினாள்.

“அண்ணன் படுப்பாரு.”

வைத்திலிங்கம் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“மேக்கப்பே வேணாம் போலிருக்கே.”

நாலு பேர் சிரித்தார்கள். சேர்மராஜும் சிரித்துவைத்தார். வேலை என்று யாராவது கேட்டால் மறுத்துப் பழக்கமில்லை அவருக்கு.

நாடிக்கட்டுக் கட்டினார்கள். மூக்கில் பஞ்சு வைத்தார்கள். மார்பின் மேல் சாமந்தி மாலை கனத்தது. கண்ணை மூடியதும் பெண்கள் அழத் தொடங்கினார்கள்.

கிளிசரின் அழுகைதான். தெரியும். இருந்தும் அது அவருக்கு இதமாக இருந்தது. இந்தத் தொழிலில் அவர் இல்லாததை யாரும் கவனித்ததே இல்லை.

ஷாட் முடிந்தது.

எழுந்து உட்கார்ந்தவரின் முன்னால் வைத்திலிங்கம் நின்றார். கையில் வெற்றிலை. வெற்றிலை மேல் பணம்.

அந்த யூனிட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாகப் படுத்தவர் பாடையை விட்டு இறங்குமுன் கூலி அவர் கைக்குப் போய்விட வேண்டும். வாங்காமல் இறங்கினால் நிஜச் சாவு தேடி வரும், வேண்டாம் என்று வாயால் சொல்வதே ஆகாது என்று நம்பினார்கள். எல்லோருடைய சம்பளத்தையும் மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் வைத்திலிங்கம் இந்தக் கூலியை மட்டும் ஒரு நிமிஷம்கூடத் தாமதித்ததில்லை.

சேர்மராஜ் நாடிக்கட்டை அவிழ்த்தார். வாய் திறந்ததும் வழக்கமான வார்த்தை தானாக வந்தது.

“பரவாயில்ல சார், வேணாம். தெரிஞ்சவங்க படம்தானே.”

சுற்றிலும் பேச்சு நின்றது. விளக்குப் பிடித்தவர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். ஒப்பாரிப் பெண்களில் ஒருத்தி தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வைத்திலிங்கத்தின் முகம் வெளுத்துவிட்டது. விளையாடாதீங்க சார் என்றார். கெஞ்சினார். கையைப் பிடித்துத் திணிக்கப் பார்த்தார். சேர்மராஜ் விரல்களை இறுக மூடிக்கொண்டார். இந்தத் தொழிலில் ஒருவர் தன்னிடம் கெஞ்சுவது இதுதான் முதல் தடவை. அந்தச் சுகத்தில் அவர் குரல் பெருந்தன்மையாக ஒலித்தது. என்னால் ஆன உதவியாக இருக்கட்டும் என்றார். இதெல்லாம் மூடநம்பிக்கை என்றார்.

எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றும் ஆகவில்லை.

வைத்திலிங்கமும் பார்த்தார். பயம் மெல்ல வடிந்தது. வடிந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. வெற்றிலையைக் கீழே போட்டார். பணத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“சார், நாளைக்கு வேற ஒரு சாவு, சுடுகாட்டு சீன் இருக்கு. வந்து படுத்துட்டுப் போக முடியுமா?”

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு இருமல் கேட்டது. தணிகாசலம் வந்து நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கக்கத்தில், படுக்கும்போது கட்டிக்கொள்ள அவரே துவைத்துக் கொண்டுவந்த வெள்ளை வேட்டி.

“அப்போ நாளைக்கு நான் வர வேணாமா சார்?”

தேவைப்பட்டால் சொல்லி அனுப்புவதாக வைத்திலிங்கம் சொன்னார். சொல்லும்போது வேறெங்கோ பார்த்தார்.

தணிகாசலம் தலையாட்டினார். சேர்மராஜை அவர் ஒரு சொல்கூடத் திட்டவில்லை. திரும்பி, வந்த வெயிலிலேயே நடந்து போனார்.

சேர்மராஜ் வைத்திலிங்கத்தின் பக்கம் திரும்பினார்.

“சார், அந்தப் பணத்தைக் குடுங்க. வாங்கிக்கிறேன்.”

“நீங்கதானே வேணாம்னீங்க?”

வைத்திலிங்கம் சிரித்துக்கொண்டே அடுத்த வேலைக்குப் போனார். கூட்டமும் கலைந்தது.

பாடையில் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். காலைத் தரையில் வைக்கத் தோன்றவில்லை.

ரெஜினா எழுந்து வந்தாள். அவர் அவளிடம் கொடுத்துவைத்திருந்த போன் அதிர்ந்துகொண்டிருந்தது. தயாரிப்பாளர். அதை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

அவர் திரையில் ஒளிர்ந்த பெயரைப் பார்த்தார். பிறகு காதில் வைத்தார். மூக்கின் ஒரு துளையில் பஞ்சு இன்னும் இருந்தது. குரல் யாருடையதோ போல வந்தது.

“சம்பளம் எவ்வளவு சார்?”

யார், சேர்மராஜ்தானே பேசறது என்றது எதிர்முனைக் குரல். ஆமாம் என்றார் இவர்.

இணைப்பு அறுந்தது.

போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே இருந்தார்.

ரெஜினா கையை நீட்டினாள்.

“கேட்டுட்டீங்கல்ல, இப்ப இறங்குங்கண்ணே.”