அமைச்சர் பரிமாறிய பந்தி

வரி போடுகிறவருக்குச் சோறு போடமாட்டேன் என்று கட்டின பெண்டாட்டியே சொல்லிவிட்டால், அந்த மனுஷர் பசிக்கு எங்கே போவார், சொல்லுங்கள்?

மடத்துக்குத்தான் போவார். செம்பாறை நாட்டுக் கருவூல அமைச்சர் மாசிலாமணியும் அங்கேதான் போனார்.

விஷயம் இதுதான். கருவூலத்தைத் திறந்தால் பல்லி கத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. அதே நேரம் பார்த்து ஆனைமடை ஏரிக்கரையில் விரிசல் விட்டிருந்தது. மழை இறங்குவதற்குள் அடைக்காவிட்டால் கீழே இருக்கிற ஏழு ஊரும் தண்ணீருக்குள். மண் சுமக்கிறவர்களுக்குக் கூலி கொடுக்கக்கூட வழியில்லை. மன்னர் மாசிலாமணியை அழைத்து, எங்கேயாவது எடும் என்றார். எங்கே என்று சொல்லவில்லை.

மூன்று நாள் மோட்டுவளையைப் பார்த்துவிட்டு மாசிலாமணி ஒரு பட்டியல் எழுதினார். அடுப்பில் புகை எழுந்தால் புகை வரி. எருமை குளத்தில் இறங்கினால் குளியல் வரி. வாசலில் கோலம் ஏழு புள்ளியைத் தாண்டினால் கோல வரி. வீட்டில் தொட்டில் கட்டினால் தொட்டில் வரி.

கடைசியாகச் சொன்னது எந்த நாட்டிலும் யாருக்கும் தோன்றாத வரி என்று அவருக்கு ஒரே பெருமை. சம்சாரத்தை உட்காரவைத்து வாசித்துக் காட்டினார். மகள் நிறைமாத வயிற்றோடு பிறந்த வீட்டுக்கு வந்து உள்ளறையில் படுத்திருப்பது அந்த நேரத்தில் அவருக்கு மறந்துபோயிருந்தது.

அந்த அம்மாள் சத்தம் போடவில்லை. எழுந்துபோய் எரிகிற அடுப்பில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள்.

"நம்ம வீட்டுல புகை வரி மிச்சம்" என்றாள்.

வீட்டில் இப்படி என்றால் தெருவில் கேட்கவேண்டுமா? பட்டியல் எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. பெண்கள் அண்டாவைத் தட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். மறுநாள் காலையில் சந்தைத் திடலில் தமுக்கடித்து அவர் அதை வாசித்தாக வேண்டும். போன வருஷம் கதவு வரியை வாசித்தபோதே சொத்தைக் கத்தரிக்காய் பறந்தது. இந்த முறை பூசணிக்காய் சேர்க்கிறார்கள் என்று ஒற்றர் வந்து சொல்லியிருந்தார். வாசிக்காமல் விட்டால் பதவி போகும், கரையும் போகும். வாசித்தால் மண்டை போகும்.

அதனால்தான் மடத்துக்குக் கிளம்பினார்.

அந்த மடத்தை நடத்துகிறவர் வேலம்மை. ஊரே குருவம்மா என்றுதான் கூப்பிடும். மாசிலாமணியைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் கழுத்துக்குக் கத்தி வரும்போதெல்லாம் மாசிலாமணி கைகட்டி நிற்பது அவர் முன்னால்தான்.

அமைச்சர் தனியாகப் போக முடியுமா? பரிவாரம் பன்னிரண்டு பேர் கூடவே நடந்தார்கள். குடை பிடிக்க ஒருவர், விசிற ஒருவர், வெற்றிலை எச்சில் துப்பப் படிக்கம் ஏந்த ஒருவர், செருப்பைத் தூக்க ஒருவர், அவருக்குக் கை வலித்தால் மாற்றிக்கொள்ள ஒருவர், முன்னால் நின்று பராக் சொல்லக் கட்டியக்காரர் ஒருவர். மீதி ஆறு பேர் எதற்கு என்று மாசிலாமணிக்கே சரியாகத் தெரியாது. அவருக்கு முன்பு இருந்த அமைச்சர் பின்னாலும் ஆறு பேர் நடந்தார்கள், அவ்வளவுதான்.

மடத்தில் மதியப் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். குருவம்மா வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார்.

மாசிலாமணி குனிந்து கும்பிட்டார். "ஒரு கேள்வி அம்மா."

"கேளுங்க."

"ஜனங்களுக்குக் கோபம் வராம வரி போடுறது எப்படி?"

குருவம்மா நாரைச் சுற்றி எடுத்து ஓரமாக வைத்தார். "பரிமாறத் தெரியுமா அமைச்சரே?"

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கேள்வியோடு வருகிறவர்தான் அன்றைக்குப் பரிமாற வேண்டும். யார் வைத்ததோ, ராஜாவே வந்தாலும் அதுதான். இன்னொரு வழக்கம், எல்லா இலையிலும் சோறு விழுந்து, குருவம்மா சாப்பிடுங்கள் என்று சொல்லும் வரை யாரும் இலையில் கை வைக்கக் கூடாது. குழந்தைகள்கூட அப்பளத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும்.

மாசிலாமணி அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். ஒரு கையில் சோற்று வாளி, ஒரு கையில் கரண்டி.

அதற்குள் கட்டியக்காரர் தொண்டையைச் செருமி, அமைச்சர் பெருமானின் பரிவாரம் வருகிறது, வழி, வழி என்று கூவி, பந்தியின் தலைமாட்டில் பன்னிரண்டு இலையைப் பிடித்துவிட்டார். அவர்களுக்குப் பக்கத்தில் ஊர்க்காரர்கள் நாற்பது பேர். கடைசியாக ஒன்பது பேர், ஆனைமடைக் கரையில் மண் சுமக்கிறவர்கள். காலில் இருந்த சேற்றைக் கழுவிவிட்டு வர அவர்களுக்கு நேரமாகிவிட்டது.

மாசிலாமணி தலைமாட்டிலிருந்து ஆரம்பித்தார். தன் ஆட்கள் ஆயிற்றே, கை தாராளமாகத்தான் போனது. நாலு கரண்டி, ஐந்து கரண்டி. படிக்கம் ஏந்துகிறவர் இலையை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினார், ஆறாவது கரண்டியும் விழுந்தது. ஊர்க்காரர்களுக்கு வந்தபோது மூன்று. நடுப்பந்தியில் இரண்டு. கடைசி ஒன்பது இலைக்கு வந்து நின்று வாளிக்குள் பார்த்தால், அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது பத்துப் பருக்கை.

மண் சுமக்கிறவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு மேற்கே பார்த்தார்கள். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. சாப்பிட்டால்தான் கரைக்குத் திரும்ப முடியும், திரும்பினால்தான் இன்றைக்கு விரிசலை மூட முடியும் என்று அவர்களின் மேஸ்திரி மெதுவாகச் சொன்னார். வெறும் வயிற்றோடு கூடை தூக்கினால் ஆள்தான் விழுவான் என்றார்.

மாசிலாமணி அடுக்களைக்கு ஓடினார். அண்டா கழுவிக் கவிழ்த்திருந்தது. குழம்பு தாராளமாக இருந்தது. குழம்பு பற்றாவிட்டால் வெந்நீர் விட்டுச் சமாளிக்கலாம், எந்த வீட்டில் நடக்காதது? சோற்றுக்கு அப்படிச் செய்ய முடியாதே.

"பத்தலை அம்மா" என்றார்.

"அரண்மனையில பத்தலைன்னா என்ன செய்வீங்க?"

"இருக்கிறவங்ககிட்ட கொஞ்சம் கொஞ்சமா வாங்குவோம்."

"வாங்குங்க" என்றார் குருவம்மா.

மாசிலாமணிக்கு ஒரு கணம் தூக்கிவாரிப்போட்டது. இலையில் வைத்த சோற்றைத் திருப்பி எடுப்பதாவது? சம்பந்தி வீட்டில் செய்தால் கல்யாணமே நின்றுபோகும். ஆனால் இன்னும் யாரும் கை வைக்கவில்லை, குருவும் சொல்லிவிட்டார். வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பந்திக்கு வந்தார்.

எங்கே ஆரம்பிப்பது என்று அவர் யோசிக்கவே இல்லை. கால் தானாக நடுப்பந்திக்குப் போனது.

முதல் இலை உப்பு விற்கிற அங்கம்மாவுடையது. கரண்டி கீழே இறங்குவதைப் பார்த்ததும் அவள் இரண்டு கையாலும் இலையை மூடினாள். போதும் என்று சொல்ல மூடுவது ஒரு விதம். இது வேறு விதம். கோழி குஞ்சுகளை மூடுகிற மாதிரி. பக்கத்து இலைக்காரரும் மூடினார். அதற்குப் பக்கத்திலும் மூடினார்கள். நாற்பது இலையும் மூடிக்கொண்டது.

மாசிலாமணி சந்தைத் திடலில் பேசுகிற குரலை எடுத்தார். இது எடுப்பதல்ல, ஒரு சிறு பங்களிப்பு என்றார். ஒரே ஒரு கரண்டிதான் என்றார். பொதுநலம் என்றார். யாரும் கையை எடுக்கவில்லை.

"தற்காலிக ஏற்பாடும்மா" என்றார்.

"கதவு வரிக்கும் தற்காலிகம்னுதான் சொன்னீங்க" என்றாள் அங்கம்மா. "கட்ட முடியாம கதவைக் கழட்டி வித்துட்டுக் கோணிச்சாக்கைத் தொங்கவிட்டிருக்கேன். கதவு போயிடுச்சு, உங்க தற்காலிகம் மட்டும் அப்படியே நிக்குது."

பந்தி முழுக்கச் சிரிப்பு ஓடியது. மண் சுமக்கிறவர்களில் ஒருவர்கூடச் சிரித்துவிட்டார்.

எடுக்கிற சோறு யாருக்கு என்று அங்கம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த செக்காட்டுகிறவர் கேட்டார். மாசிலாமணி கடைக்கோடியைக் காட்டினார். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஒன்பது வெற்று இலை. ஒன்பது பேரின் தோளிலும் சும்மாடுத் துணி. செக்காட்டுகிறவரின் கை இலையைவிட்டு அரை அங்குலம் எழும்பியது. பிறகு அவர் பார்வை அப்படியே பந்தியின் தலைமாட்டுக்குப் போனது. கை மறுபடி கீழே இறங்கிவிட்டது.

அங்கம்மாவும் அந்தப் பக்கம் பார்த்தாள்.

"ஏன் சாமி, அங்க மலை மலையா இருக்கே. அந்தப் பக்கம் உங்க கரண்டி போகாதா?"

மாசிலாமணிக்குப் பதில் தயாராக இருந்தது. அவர்கள் அமைச்சரின் பரிவாரம், அரசாங்க வேலையாக வந்தவர்கள், அவர்களுக்கு இத்தனை என்று மரபு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். தலைமாட்டில் படிக்கம் ஏந்துகிறவர் மடத்து வழக்கத்தை மறந்து சோற்றைக் குவித்து நடுவில் குழம்புக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தார். வீட்டுச் சிறுசுகள் ஆற்று மணலில் கிணறு தோண்டுகிற மாதிரி.

மாசிலாமணி வாளியோடு தலைமாட்டுக்கு நடந்தார்.

கட்டியக்காரருக்குப் பழக்கதோஷம். அமைச்சர் வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்று, நாடு காக்கும் நிதிவேந்தர், வரவின் வள்ளல், செலவின் சிங்கம் என்று எடுத்துவிட்டார். கரண்டி தன் இலைக்கு நேராக வந்து நின்றதும் பராக் பாதியில் நின்றது.

"உட்காருமய்யா" என்று சொல்லிவிட்டு மாசிலாமணி ஒன்றரைக் கரண்டி எடுத்தார்.

அடுத்தவர் குடைக்காரர். சட்டென்று குடையை விரித்து இலைக்கு மேல் பிடித்துக்கொண்டார். அதை ஒதுக்கிவிட்டு எடுக்க வேண்டியிருந்தது. செருப்பு தூக்குகிறவர், தன் மாற்றாளிடம் எடுங்கள், இன்றைக்கு முழுக்கத் தூக்கியது நான் என்றார். மாற்றாள், ஆள் இருக்கும்போது மாற்றாளிடம் கை வைப்பது முறையா என்றார். இருவர் இலையிலும் கரண்டி இறங்கியது. படிக்கம் ஏந்துகிறவர் மட்டும், ஒரு முறை கொடுத்த அளவைக் குறைத்ததாகச் செம்பாறைச் சரித்திரத்திலேயே இல்லை என்று வாதாடினார். அவர் வெட்டி வைத்திருந்த கிணற்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு மாசிலாமணி நகர்ந்தார். என்ன வேலை என்றே தெரியாத அந்த ஆறு பேர் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. பேசினால் என்ன வேலை என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம்.

வாளி பாதிக்கு மேல் நிறைந்தது. கடைக்கோடிக்கு ஓடிப்போய் மேஸ்திரி இலையில் ஆரம்பித்தார். மண் சுமக்கிற வயிறு, ஆளுக்கு மூன்று கரண்டி. ஆறு இலை ஆயிற்று. ஏழாவது இலைக்கு முன்னால் வாளி மறுபடி காலி.

இன்னும் மூன்று இலை இருந்தது. மாசிலாமணி வாளியைப் பார்த்தார். நடுப்பந்தியைத் திரும்பிப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

"இங்க வாங்க" என்று ஒரு குரல்.

அங்கம்மா கையை எடுத்திருந்தாள். "ஒரு கரண்டி எடுத்துக்கங்க. ஊறுகாய் படாத பக்கமா எடுங்க."

செக்காட்டுகிறவர் தன் இலையை முன்னால் நகர்த்தினார். அவருக்கு அடுத்தவர், என் இலையை விட்டுவிட்டுப் போகிறீர்களே என்று கோபித்துக்கொண்டார். வரிசையாகக் கை எழும்பியது. பதினோரு இலைக்குள் வாளி கனத்துவிட்டது. போதும், போதும் என்று இப்போது மாசிலாமணிதான் வாளியைக் கையால் மூட வேண்டியிருந்தது.

குருவம்மா கூடத்துக்கு வந்து இலைகளை ஒரு முறை பார்த்தார். "சாப்பிடுங்க" என்றார்.

மண் சுமக்கிறவர்கள் பேச்சே இல்லாமல் சாப்பிட்டு, முதல் ஆளாக எழுந்து கூடைகளை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினார்கள். அவர்களுக்குப் பின்னால் அங்கம்மாவும் செக்காட்டுகிறவரும் கை கழுவின ஈரத்தோடு நடந்தார்கள். மடத்தில் கிடந்த பழைய கூடை இரண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். பரிவாரம் பன்னிரண்டு பேரும் அளவாகச் சாப்பிட்டதால், உண்ட மயக்கம் இல்லாமல் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மாசிலாமணிக்கு மிஞ்சியது வாளியின் அடியில் ஒன்றரைக் கரண்டி. சோறு ஆறிப்போயிருந்தது. கடைசியில் சாப்பிட்டால் ஆறித்தான் இருக்கும் என்பது அன்றுவரை அவருக்குத் தெரியாது. நின்றபடியே குழம்பு ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். நன்றாகத்தான் இருந்தது.

வாளியையும் கரண்டியையும் தேய்த்துக் கழுவிக் கொண்டுபோய்க் குருவம்மா முன்னால் வைத்தார். இடுப்பிலிருந்த பட்டியலை எடுத்தார். புகை, குளியல், கோலம், தொட்டில். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி சுருட்டிச் செருகிக்கொண்டார்.

"என் ஆளுங்க இலையில கைவச்சுட்டேன் அம்மா. அதுக்கே குடைக்காரன் குடையை விரிச்சான்."

குருவம்மா வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"அரண்மனைப் பந்தியில முதல் இலை மன்னரோடது. அவர் குளிக்கிற பன்னீர்க் குளத்துக்கு மட்டும் முப்பது பேர். யானைக்கு முகப்படாம் மாசத்துக்கு ஒண்ணு. அந்த இலையில நான் எப்படி அம்மா கரண்டியைப் போடுறது?"

குருவம்மா கழுவி வைத்த கரண்டியை எடுத்தார். ஈரம் போக முந்தானையில் துடைத்தார். அதை மாசிலாமணியிடம் நீட்டினார்.

"இதையே எடுத்துட்டுப் போங்க. மடத்துல இருக்கிற சோத்துக் கரண்டி இது ஒண்ணுதான். நாளைக்குப் பந்திக்கு முன்னால கொண்டாந்து குடுத்துடுங்க."